மூன்று மணி நேரம் நின்ற லாரி

நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்த காந்திமதிக்கு, ராணுவத்துக்குப் பூட்ஸும் கம்பளியும் கொண்டுபோகும் லாரிகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் வேலை. வழியில் பெட்டிகள் காணாமல் போனதால்தான் லாரிகளை அனுப்பும் தனியார் நிறுவனம் அவளை வைத்திருந்தது. ஒருநாள் மருதமுத்து ஓட்டிப்போன லாரி நாக்பூருக்கு அப்பால் மூன்று மணி நேரம் நகரவேயில்லை. போனையும் அவர் எடுக்கவில்லை. திருட்டாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பினாள். மேலாளர் அவளைப் பாராட்டினார். மருதமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஒரு பெட்டிகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்ததை மறுநாளே பார்த்தாள். கிடைத்த நல்ல பெயர் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் முத்தாண்டிக்குப்பத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனாள்.

"அன்னிக்கு ஏன் வண்டிய நிறுத்தினீங்க?"

"காய்ச்சல்ல கண்ண இருட்டிக்கினு வந்துச்சும்மா. ஓரங்கட்டிட்டுப் படுத்துட்டேன். நீங்க வண்டிய பாத்துக்கினு இருப்பீங்கன்ற தைரியத்துலதான் தூங்கினேன்."

எழுதிப் போட்டது தான்தான் என்று காந்திமதி சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றே நடந்ததையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினாள். அவரை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை, குறிஞ்சிப்பாடியில் நெல் லாரி ஓட்டுகிறார். காந்திமதி இப்போது எந்த லாரி நின்றாலும், டிரைவர் போனை எடுக்கும்வரை விடாமல் கூப்பிடுகிறாள்.