புதுப்பெண் பக்கத்து சீட்

விமானத்தில் சீட் மாறி உட்கார்ந்தவனை இறங்கும் இடத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். சும்மா ஒரு நிமிஷ நம்பிக்கை இல்லை. பாதிக் கடலில் ஆரம்பித்து பெங்களூரு வரைக்கும் கெட்டியாக நம்பினேன்.

அதற்கு என் மூளையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் வந்து சேரும் முன்பே, அதில் வருகிறவர்களின் பட்டியல் கேட்டுக்கு வந்துவிடும். காவேரிப்பட்டினம் பஸ்ஸில் வரவேண்டியவன் கிருஷ்ணகிரி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்தால், செக்யூரிட்டியின் முன்னால் நின்று கும்பிட்டாலும் அவன் வரவில்லை. "ஆளு வந்துட்டாரு சார், ஆனா ஆப்சென்ட்" என்று உள்ளே போனில் சொல்வார். அந்த கேட்டில் நுழைந்து நுழைந்தே எனக்குத் தலை நரைத்தது.

புது மெஷினைப் பழகிக்கொள்ள என்னையும் மெயின்டனன்ஸில் இருக்கும் திருநெல்வேலிக்காரரையும் கம்பெனி பாங்காக் அனுப்பியது. பயிற்சி நீண்டுபோனது. திரும்பும் நாளே என் மகளின் நிச்சயதார்த்தம். காலையில் பெங்களூரில் இறங்கி, மத்தியானம் காவேரிப்பட்டினம் மண்டபத்தில் தட்டு மாற்ற வேண்டும். மனைவி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நீங்க வர்லன்னா உங்க போட்டோவ நாற்காலில வெச்சு மாத்திடுவோம். மாலை போடறதா வேணாமான்னு மட்டும் சொல்லிடுங்க."

விமானத்தில் என் பக்கத்து சீட்டில் ஒரு புதுப்பெண். கையில் மருதாணி அழியவில்லை. புருஷன் எங்கோ பின்னால், நம் திருநெல்வேலிக்காரருக்குப் பக்கத்தில். "அங்கிள், சீட் சேஞ்ச் மாட்கோத்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கம்பெனி பஸ்ஸில் யாருக்கும் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த சரித்திரம் எனக்கு இல்லை. ஆகாயத்தில் என்னவோ தாராளம் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன்.

திருநெல்வேலிக்காரர் எனக்காகவே காத்திருந்தது மாதிரி ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நாம எறங்குததுக்கு முந்தியே நம்ம விவரம் பூரா அங்க போயிருது, தெரியும்லா?"

"என்னா விவரம்?"

"பேரு, பாஸ்போர்ட் நம்பரு, உக்காந்திருக்க சீட்டு வரைக்கும். பைலட்டு, பணிப்பொண்ணுவ பேரும் சேத்துத்தான். வெளிநாட்டுல இருந்து வாற எல்லா பிளேனும் அனுப்பணும். தப்பா இருந்தா ஃபைனு."

"சீட்டு மாறி உக்காந்தா?"

அவரும் அதே கேட்டில் நுழைகிறவர்தானே. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது தெரியலையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

எனக்கு ஏசியிலும் வியர்த்தது. அரசாங்கக் கணக்கில் நான் இன்னும் அந்தப் பெண்ணின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கியதும், "கூட வந்த பொண்ணு எங்கய்யா?" என்று கேட்டால்? விசாரணை முடிவதற்குள் மண்டபத்தில் என் போட்டோவுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிடுவார்கள்.

எழுந்து முன்னால் போனேன். அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இருமினேன். அவன் கண் திறந்தான்.

"தம்பி, இறங்கற வரைக்கும் என் சீட்ட குடுத்துடறியா? நான் இந்தம்மா பக்கத்துலதான் இருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவன் பார்த்த பார்வையில் எனக்குப் பின்னால் இருந்தவர் கூட ஒதுங்கினார். பணிப்பெண் வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரிந்தது, அது அவளுடைய கெட்ட நேரம்.

"மேடம், லிஸ்ட்ல நான் இங்க. ஆனா நான் அங்க. கொஞ்சம் திருத்தி அனுப்பிச்சிடுங்க."

"சார், நீங்க எங்க வேணா இருங்க. பெல்ட் போட்டு இருங்க."

இறங்கியதும் அந்த ஜோடியை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். எனக்கு இருக்கும் சாட்சி அவர்கள்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் இடத்தில் அவர்கள் வரிசை மாறினார்கள், நானும் மாறினேன். மறுபடி மாறினார்கள், நானும் மாறினேன். அவன் பெண்டாட்டியை எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி நிறுத்தினான். முத்திரை வாங்கியதும் இருவரும் ஓட்டமும் நடையுமாக மறைந்துவிட்டார்கள். முன்னாலேயே முடித்துவிட்ட திருநெல்வேலிக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்: "அண்ணாச்சி, அங்க பந்தியே போட்டுருவாவ! நீரு இன்னும் யார் பொறத்தால சுத்துதீரு?"

என் முறை வந்தது. அதிகாரி வாய் திறக்கும் முன் நான் திறந்தேன். தமிழ், கன்னடம், தொழிற்சாலை இங்கிலீஷ் மூன்றையும் கலந்து, சீட் மாறிய கதையை மருதாணியிலிருந்து சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தமிழில் சொன்னார்:

"லிஸ்ட் அனுப்பறது பிளேன் கம்பெனி வேலை. தப்பு இருந்தா ஃபைனும் அவங்களுக்குத்தான். உங்க பேரு சரியா இருக்கு, நம்பர் சரியா இருக்கு. நீங்க நின்னுக்கிட்டே வந்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நகருங்க."

முத்திரை விழுந்தது. அவ்வளவுதான்.

என்னைப் பிடித்து வைத்தது ஓசூருக்கு முன்னால் வரும் அத்திப்பள்ளி டிராபிக்தான். லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மண்டபத்துக்குள் ஓடிப்போனபோது மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு எழுந்து நின்றிருந்தார்கள். எனக்குப் போட்ட நாற்காலியில் என் போட்டோ இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. அதை எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.