நிலாவில் விட்டுவந்த சமையல்காரன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நடந்ததெல்லாம் முன்னும் பின்னுமாகத்தான் ஞாபகத்துக்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கதைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அபிப்பிராயம் இருந்தது, நிறையவே இருந்தது.

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ரஷ்யாக்காரன் வானத்துக்கு நாயை அனுப்பிவிட்டான் என்று கடைத்தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். புருஷனுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. பேச்சுக் குறைந்த மனுஷன். பிள்ளை இல்லை. லயத்து வரிசை வீடுகளில் யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூடப் பெண்கள் கலைந்து போகட்டும் என்று தள்ளி நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாக்கர் வீட்டு வாசல் கூட்டப் போவேன். அந்த அம்மா தான் படித்து முடித்த மெட்ராஸ் வாரப் பத்திரிகைகளை என்னிடம் கொடுத்துவிடுவார். அப்போது அவற்றில் புது மாதிரித் தொடர்கதைகள் வந்துகொண்டிருந்தன. மந்திரவாதிக் கதை ஒன்று. அதில் ராஜகுமாரனுக்கு ஒரு மோதிரம் கிடைத்துவிடும், அதைத் திருகினால் எது வேண்டுமானாலும் நடக்கும். அப்படியானால் முதல் வாரமே திருகிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, எதற்கு ஒரு வருஷம் இழுக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். பூமிக்கு அடியில் பட்டணம் கட்டின கதை ஒன்று. அங்கே எல்லா வேலையையும் இயந்திரமே செய்துவிடும். இயந்திரத்தைத் துடைக்கிறவர் யார் என்று மட்டும் எழுதியவர் சொல்லவே இல்லை.

இதையெல்லாம் நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம். மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் பறித்தவள் அவள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், வாசிக்கத் தெரியாது. தாயும் தம்பிகளும் இந்தியப் பிரஜை என்று கடுதாசி எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். இங்கே கட்டிக் கொடுத்திருந்ததால் அவள் மட்டும் நின்றுவிட்டாள். பனி மூடினால் அடுத்த நிரையில் இருப்பவளின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். அதனால்தானோ என்னவோ, அவளிடம் எனக்குப் பேச்சு வந்தது. வாரா வாரம் கதையைச் சொல்வேன், கூடவே என் அபிப்பிராயத்தையும் சொல்வேன்.

"அந்த அடிப் பட்டணத்துல கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு போடுவாங்களாக்கா?" என்பாள். எங்களுக்கு அரைநாள் சம்பளம் மட்டும் எழுதுவதைத்தான் கேட்கிறாள்.

கங்காணி மேட்டில் நின்று சத்தம் போடுவார்: "என்னாங்கடி, கொழுந்து எடுக்குறீங்களா, கச்சேரி வைக்கிறீங்களா?"

"கச்சேரிதான் கங்காணி. நீங்க வந்து தாளம் போடுங்க!" என்று அவள்தான் பதில் சொல்வாள். நான் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் நிலாவுக்குப் போகிற கதை ஆரம்பித்தது. நான்கு பெரிய மனிதர்களும் ஒரு சமையல்காரனும் தங்கக் கல் தேடி வண்டியில் போகிறார்கள். நிலாவின் குளிரில் ஒரு சால்வையோடு அவர்கள் உலாவுவதைப் படித்தபோது, எழுதியவர் நுவரெலியாப் பனியில்கூட நின்றதில்லை என்று தெரிந்தது. ஆனால் சமையல்காரனை நன்றாக எழுதியிருந்தார். அவளுக்கு அவன்மேல் உயிர். "அவன் இன்னைக்கு என்னா ஆக்குனான்?" என்றுதான் கேட்பாள்.

கடைசி வாரத்தில் வண்டிக்கு எண்ணெய் போதாமல் போகிறது. நான்கு பேர்தான் திரும்ப முடியும். சமையல்காரன் கைகூப்பி, நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்கிறான். அவர்களும் போய்விடுகிறார்கள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மோசமான முடிவு என்று தீர்மானித்துவிட்டேன். யார் மிஞ்சுவார் என்று முதல் வாரமே எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னாக்கா ஆச்சு? வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க புள்ள. தங்கக் கல்லு மூட்டைய வெளிய தள்ளிட்டு அஞ்சு பேரும் வந்துட்டாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் கங்காணி விசில் ஊதினார்.

அந்த வாரமே கிளாக்கர் வீட்டுக்கு விறகு கொண்டுபோயிருக்கிறாள். மறுநாள் பனி இல்லை, நல்ல வெயில். தன் நிரையை விட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"அவன் அங்கயே நின்னுட்டானாமே."

நான் கொழுந்தைக் கூடைக்குள் அழுத்தினேன்.

"அந்தக் கதையச் சொல்லி கிளாக்கரம்மா மூக்கச் சிந்துறாங்க. நான் பல்லக் காட்டிகிட்டு, எல்லாரும் வந்துட்டாங்கம்மான்னு சொல்றேன். என்னையப் பாத்து சிரிச்சிட்டாங்க."

"நீ அழுவியேன்னுதான் புள்ள…"

"அழுதா என்னா? எங்காத்தா இந்தியாவுக்குப் போனப்ப எனக்கு ஒரு சொட்டு வரல. அவனுக்காகவாச்சும் அழுதிருப்பேன். என்னைய மாதிரி ஒருத்தன் நின்னான்னு எவனோ மெட்ராசுல உக்காந்து எழுதியிருக்கான். அதப் போய் மறச்சிட்டீங்களேக்கா."

அடுத்த நாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, தனக்கு வேறு பக்கம் நிரை வேண்டும் என்று கேட்டாள். "என்னா, கச்சேரி கலஞ்சிருச்சா?" என்றார் கங்காணி. அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

என் பக்கத்து நிரைக்கு ஒரு வயசானவர் வந்தார். காது கேட்காது. நான் வாசிப்பதை விடவில்லை. புதுக் கதைகள் வந்தன, அபிப்பிராயங்களும் வந்தன. எல்லாம் வாய்வரை வந்து அப்படியே நிற்கும்.

ஒரு நாள் சாயந்தரம் அந்தக் கடைசி வாரப் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளது உள்ளபடி வாசித்துக் காட்டிவிடுவோம் என்று அவள் குடியிருந்த காம்பிரா வாசல்வரை போனேன். உள்ளே அவள் அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை. பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

இரண்டு வருஷம் கழித்து அவள் குடும்பம் நானுஓயாப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் பேர் மாற்றிக்கொண்டு போனது. லொறியில் சாமான் ஏற்றுவதை நான் மலையிலிருந்தே பார்த்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போது என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தக் கதையை எழுதியவர் சரியாகத்தான் முடித்தார். நான்தான் தப்பாக வாசித்தேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. வண்டி போன பிறகு சமையல்காரன் அடுப்பு மூட்டி, பழக்கத்தில் ஐந்து பேருக்கும் சோறு வைத்தான் என்று எனக்கு ஞாபகம். நிலாவில் காற்று இல்லை, அடுப்பு எரியாது என்று இப்போது சொல்கிறார்கள். அப்படியானால் அதை அவர் எழுதினாரா, தனியாகப் பறிக்கையில் நானே சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. அந்தப் பழைய பத்திரிகைகளை யாராவது வைத்திருந்தால், கடைசி வாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நானாகச் சேர்த்ததென்றால் அதை அடித்துவிடுங்கள். அவன் கதையை நான் இரண்டாம் தடவையும் மாற்றக் கூடாது.