பெரட்டுக்களத்தில் போனைத் திறக்கச் சொன்னார்கள்

தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் முடிந்ததும் பொலிஸ் வந்தது. யாரோ போனில் குரல்பதிவு அனுப்பி ஆட்களைத் திரட்டினார்களாம். யாரென்று தெரிய வேண்டுமாம். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். போனை வாங்கி, பதிவுகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்டார்கள்.

எனக்கு முன்னால் நின்றவரின் போனில் அவர் மனைவி பேசினாள்: "கருவாடு இல்லாம வந்தா வாசல மிதிக்காதீங்க."

களமே சிரித்தது. அவர் தலை குனிந்தார்.

என் போனில் மகள் அனுப்பிய குரல்பதிவு இருந்தது. அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். புருஷனிடம் அடி வாங்கியது போதும், இனி அவனோடு வாழமாட்டேன் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். ஊருக்கு வந்து அவனிடம் அவளே சொல்வாளாம். இந்தப் போனில் பேசினால் நடுவில் யாருக்கும் கேட்காது என்றாள். அதை நம்பித்தான் பேசினாள்.

மருமகன் எனக்குப் பின்னால் நின்றான்.

"தெறங்க" என்றார் பொலிஸ்காரர். சிங்களவர்தான், ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசினார்.

"முடியாதுங்க சார்."

"தப்பு செய்யலன்னா என்ன பயம்?"

"பயம் இல்லீங்க. மக எங்கிட்ட சொன்னது. அவள கேக்காம தரமாட்டேன். புள்ள காணாம போச்சுன்னு வந்தா நானே தெறந்து தருவேன். இதுக்குன்னா கோர்ட்டு உத்தரவு கொண்டாங்க."

"உங்க லயத்து வரிசை வீட்டுல ஒரு காம்பராவில தும்மினா அடுத்த காம்பராவுக்குக் கேக்குது. எங்களுக்கு மட்டும் ரகசியமா?"

"கேக்கும் சார். கேட்டவங்க கேட்டதா காட்டிக்க மாட்டாங்க. அதனாலதான் ஒண்ணா இருக்க முடியுது."

அவர் என் பேரை எழுதிக்கொண்டார். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப் போய்விட்டது. பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தைப்பொங்கலுக்கு மகள் வந்தாள். புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் வாயாலேயே சொன்னாள். அவன் கத்தினான். அவள் அசையவில்லை. எழுந்து போய்விட்டான்.

பக்கத்துக் காம்பரா அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். "எனக்கு எப்பவோ தெரியும் அண்ணே. நீங்க காது மந்தத்துல சத்தமாத்தானே போட்டுக் கேப்பீங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். குவைத்துக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இப்போது மஸ்கெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். சாயந்தர பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.