எதைப் போட்டாலும் எரிக்கும் அடுப்பு

ரங்கூனில் எங்கள் வீட்டு அடுப்பு உடைத்துப் போட்ட ஏதோ கப்பலிலிருந்து வந்தது. கனத்த இரும்பு. விறகு, உமி, நிலக்கரி, எதைப் போட்டாலும் மூஞ்சி சுளிக்காமல் எரிக்கும். கரியென்றால் சாம்பலைச் சுத்தமாக வாரிக் கொட்டி, கீழ்க்கதவைத் திறந்து காற்று விடவேண்டும். விறகென்றால் அடிச்சாம்பலை மெத்தை மாதிரி அப்படியே விட்டுவைக்க வேண்டும். இதைப் பழகுவதற்குள் என் புருவம் பொசுங்கியே போயிற்று.

என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை. மில் ஓடும்வரை உமிக்குப் பஞ்சமில்லை. அந்த வருஷம் மழை தொடங்கியதும் மில்லை மூடிவிட்டார்கள். உமியும் போயிற்று, சம்பளமும் போயிற்று. கரி வாங்க வழியில்லை. இருந்த விறகும் மழையில் ஊறிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா என் அண்ணன் கப்பலேற வேண்டும்! எங்கள் கஷ்டம் எப்படியோ ஊருக்கு எட்டியிருந்தது. நான் நன்றாக இல்லையென்றால் கையோடு கூட்டிவந்துவிடு என்று அம்மா அவரிடம் சொல்லியனுப்பியதாக, முன்கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் போய்விட்டால் இவர் எந்த முகத்தோடு இங்கே நடமாடுவார்? எனக்கும் போக மனமில்லை. ஒரு வேளை வாய்க்கு ருசியாகப் போட்டு அண்ணனைச் சமாளித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். இவர் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் இருந்தது.

அண்ணனை அழைத்துவர இவர் கப்பல்துறைக்குப் போனார். நான் அடுப்போடு மல்லுக்கு நின்றேன். ஈரவிறகு புகைந்ததே தவிர பற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாவிடம் கேட்டிருந்தால் காய்ந்த கட்டை கொடுத்திருப்பாள். போன வாரம்தான் அவளிடம் அரிசி வாங்கியிருந்தேன். மறுபடி போய் நிற்கக் கூசியது. அப்போதுதான் சுவரில் சாத்தியிருந்த மணை கண்ணில் பட்டது. என் கல்யாணத்துக்கு அண்ணன் பலாமரத்தில் செய்வித்தது. மூலைக்கு ஒரு பித்தளைப் பூ. வீட்டில் காய்ந்த மரம் அது ஒன்றுதான். அரிவாளால் பிளந்தேன். பூக்களையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அடுப்புக்கென்ன, அதையும் சுளிக்காமல் தின்றது.

அண்ணன் வந்தார். சாப்பிட உட்காரப் பாயை விரித்தேன்.

"மணை எங்க தங்கச்சி?"

"பக்கத்து வீட்டுல ஏதோ விசேஷம்னு வாங்கிட்டுப் போயிருக்காங்கண்ணே."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் கீச்சிட்டது. பர்மாக்காரர்களுக்கு மணை எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்த சோற்றையே பிசைந்தார்.

சாப்பிட்டு எழுந்த அண்ணன், சுருட்டுக்குத் தணல் எடுக்க அடுப்பின்முன் குந்தினார். இடுக்கியால் சாம்பலைக் கிளறினார். கரி எரித்திருந்தால் அந்தச் சாம்பலை வாரிக் கொட்டியிருப்பேன். இடுக்கியின் முனையில் கருகிய பித்தளைப் பூ ஒன்று வந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த அடுப்புக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பெட்டியைக் கட்டு என்று சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன்.

அவர் பூவைத் திரும்பச் சாம்பலில் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் சாம்பலைத் தள்ளி மூடினார். சுருட்டைப் பற்றவைக்காமலே எழுந்தார்.

"மீன் கொழம்பு நல்லா இருந்துச்சு தங்கச்சி. நீ நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

அவர் குரலும் கீச்சிட்டது.