இரவல் போன தொப்பி

சாரியா ஊரின் பழைய சந்தையில் தொப்பி வெளுக்கும் தனிமுவுக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. அசபே கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே தெருவில் வளர்ந்தவள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், வாயில் போட்டு மெல்லும் கோலாக்கொட்டை விற்கும் வியாபாரி லவ்வலி வந்து அவளைக் கட்டிக்கொண்டு போனான். ஒன்பது வருடம் ஆகியும் தனிமுவின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அடங்கவிடாமல் செய்தது ஒரு தொப்பி. அசபே நான்கு மாதம் உட்கார்ந்து, கறுப்பும் சிவப்புமாக நூல் கோத்து, புருஷனுக்கென்று தைத்தது. ஆளின் முகத்தை மறந்தாலும் தொப்பியை மறக்காத ஊர் அது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லவ்வலி அதைத் தனிமுவிடம்தான் வெளுக்கப் போடுவான். சோப்பில் அலசி, கஞ்சி போட்டு, கலயத்தின் மேல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அவள் இன்னொருவனுக்காகப் போட்ட ஒவ்வொரு தையலும் தனிமுவின் விரலில் படும். பாவி மனுஷன் அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளுக்க வந்த தொப்பியை இரவல் விடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற களவு. பெண் பார்க்கப் போகிறவன், பெயர் வைக்கிற விருந்துக்குப் போகிறவன் என்று வருவார்கள். வாங்கியவனும் வெளியே சொல்லமாட்டான், கொடுத்தவனும் சொல்லமாட்டான். மற்றத் தொப்பிகளைத் தனிமு ஆள் பார்த்துத்தான் கொடுப்பான். அசபே தைத்ததை மட்டும் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தான். கண்டவன் தலையிலும் ஏறி இறங்கட்டும் என்ற ஆங்காரம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் மூட்டை தூக்கும் ஷிட்டு அதை வாங்கிப் போனான். மறுநாள் விடிகிற நேரத்தில், கடலை எண்ணெய் விற்கும் டெலு என்ற விதவையைச் சோளக்கொல்லை ஓரத்தில் ஒருவன் பின்னாலிருந்து துணியால் முகத்தை மூடி, அடித்துப் போட்டுக் கெடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போராடியதில் அவள் பிடியில் அந்தத் தொப்பி சிக்கியது.

போலீஸ்காரர்கள் அதைச் சந்தையில் தூக்கிக் காட்டினார்கள். பத்துப் பேர் ஒரே வாயாக லவ்வலியின் பெயரைச் சொன்னார்கள். "அது தனிமுகிட்ட வெளுக்கப் போட்டதுங்க" என்று லவ்வலி கதறினான். போலீஸ் வந்து கேட்டபோது தனிமு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"செவ்வாக்கிழமையே வாங்கிட்டுப் போயிட்டாரே."

இரவல் விஷயம் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் பாதி. மறைப்பானேன், மீதிப் பாதி சந்தோஷம். ஷிட்டு தொப்பியைத் திருப்பித் தரவில்லை. தனிமு கேட்கவும் இல்லை.

லவ்வலியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சந்தை கொதித்தது. "இப்படிப்பட்டவனுக்கு ஆண்மைய அறுத்து விடணும்னு புதுச் சட்டமே வந்திருக்கு" என்றார் ஒருவர்.

"எங்கிட்ட அனுப்பச் சொல்லுங்க. கத்தி தீட்டித்தான் இருக்கு" என்றார் கறிக்கடைக்காரர்.

"ஆள் இவன்தானான்னு நல்லா விசாரிச்சுட்டு..."

"தொப்பி பொய் சொல்லுமாய்யா? நீ என்ன, அவனுக்கு மச்சானா?"

"அறுக்கத்தான் வேணும்" என்றான் தனிமு. டெலு பட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆத்திரம் வந்ததில் தப்பில்லை. அறுத்தது திரும்ப முளைக்காது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. தனிமு யோசித்தான். அறுத்துவிட்டால் அசபே லவ்வலியோடு எதற்கு இருக்கப் போகிறாள் என்று யோசித்தான்.

ஆனால் அவளோ தினமும் மதியம் தூக்குப்பாத்திரத்தோடு சிறைக்கு நடந்தாள். மூடியைத் தாண்டிப் பூசணிக்காய்க் குழம்பு மணக்கும். கம்பிக்குள் கிடப்பவனுக்குக் குழம்பு, வெளியே இருக்கிறவனுக்கு ஆறிப்போன கூழ் என்று தனிமு உள்ளுக்குள் வெந்தான். ஒருநாள் அவள் கடை முன்னால் நின்றபோது கேட்டேவிட்டான்.

"இன்னுமா அந்தாளுக்குச் சோறு சுமக்குறே, அசபே?"

"அவரு செஞ்சிருந்தா, கத்திய நானே எடுத்துக் கொடுத்திருப்பேன், தனிமு. அவரு செய்யல."

"அறுத்துட்டாங்கன்னா?"

"அறுத்தா அறுக்கட்டும். வீட்டுக்குக் கூட்டியாந்து அப்பவும் சோறு போடுவேன்." துணி மூட்டையிலிருந்து ஒரு புதுத் தொப்பியை எடுத்தாள். "வழக்கு அன்னைக்கு அவரு தலையில வைக்கத் தச்சேன். கஞ்சி போட்டுக் கொடு. வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரல."

தனிமு அதைக் கையில் வாங்கினான். அத்தனை நாள் போட்ட கணக்கு மண்ணாய்ப் போனது. அதோடு பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் பொய், இன்னும் கூடியது. அறுத்தாலும் அவள் அவனுடையவள்தான் என்றால், பிறகு எதற்கு இந்தப் பாவம் என்று தோன்றியது. அவனுக்கு வந்த ஞானம் அவ்வளவுதான்.

வழக்கு நாளில் அவன் நீதிமன்றத்தில் எழுந்து நின்றான். "ஐயா, நான் சொன்னது பொய். தொப்பி எங்கிட்டதான் இருந்துச்சு. புதன்கிழமை அத ஷிட்டுவுக்கு இரவல் கொடுத்தேன்."

அசபே வைதால் என்ன சொல்வது, நன்றி சொன்னால் என்ன சொல்வது என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வேறொரு குரல் வந்தது. உதட்டுக் காயம் இன்னும் ஆறாத டெலு எழுந்து நின்றிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்க்கா."

"பத்தொம்பது நாளாச்சு. அந்த ஷிட்டு நேத்துக்கூட எங்கிட்ட வந்து எண்ணெய் வாங்கினான். உடம்பு தேவலையான்னு கேட்டான். நானும் தேவலைன்னேன்."

அந்தப் பத்தொன்பது நாளில் தனிமு அசபேயை நினைத்தான், லவ்வலியை நினைத்தான், குழம்பைக்கூட நினைத்தான். டெலுவை ஒருமுறைகூட நினைக்கவில்லை.