டொலறஸ் ஏற மறுத்த சரிவு

டொலறஸ் அருளப்பு 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர். அங்கே வால்தம்ஸ்டோ பகுதியில் இரட்டைத்தட்டு பஸ்ஸில் கண்டக்டர். மேல்தட்டில் யாரும் நின்றுகொண்டு வரக்கூடாது என்பது விதி. நிற்பவர் எவ்வளவு சத்தம் போட்டாலும், அவரைக் கீழே இறக்கிய பிறகுதான் பஸ்ஸை எடுக்க டொலறஸ் மணியடிப்பார்.

முப்பத்தொன்பது வயதில் அவர் ஒரு மலையேறும் கழகத்தில் சேர்ந்தார்.

"பனி பாக்கிறதெண்டா வாசல்ல நிண்டு பாக்கலாமே," என்றார் அண்ணன்.

"வாசல்ல நிக்கிறதுக்கு நான் பிளேன் ஏறி வரேல்லை, அண்ணை."

நூலகத்தில் பனிச்சரிவு பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் வாசித்தார். விடுமுறையில் ஸ்கொட்லாந்துக்குப் போய் ஒரு வாரப் பயிற்சியும் எடுத்தார்.

1994 பெப்ரவரியில் கழகத்தினர் ஏழு பேர் ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போனார்கள். தலைவர் கிரஹாம் இருபது வருடம் மலையேறியவர். டொலறஸோடு வந்த இன்னொரு தமிழ்ப்பெண் சிவமலர், லண்டனின் குட்மேய்ஸ் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்.

அன்று காலை விடுதி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரவு முழுக்கத் தென்மேற்குக் காற்று கடுமையாக வீசியிருக்கிறது, அது அள்ளிவந்த பனி வடகிழக்குச் சரிவுகளில் குவிந்திருக்கிறது, அங்கே ஆபத்து அதிகம் என்றது அறிவிப்பு. கிரஹாம் எடுத்த பாதை அந்தப் பக்கம்தான்.

"அது பொதுவாகப் போடுவது," என்றார் கிரஹாம்.

சரிவின் அடிக்கு வந்தபோது காற்று ஓய்ந்து, வானம் நீலமாக இருந்தது. எல்லோருக்கும் உற்சாகம். டொலறஸ் பனியில் கால் வைத்தார். உள்ளே 'தொம்' என்று ஒரு சத்தம். சப்பாத்து நுனியிலிருந்து ஒரு வெடிப்பு நாலடி தூரம் ஓடியது.

அவர் பனிக்கோடரியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார். மேலே ஒரு சாண் பனி பலகைபோல இறுகியிருந்தது. அதற்குக் கீழே சீனிபோல உதிர்ந்தது. கையால் இழுத்ததும் மேல்பனி ஒரே துண்டாகக் கழன்று வந்தது.

"இதில் ஏழு பேர் நடந்தால் சரிவே கழன்று வரும். நான் ஏறமாட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"இங்கே தலைவர் நான்," என்றார் கிரஹாம். "நாளைக்கு ரயில். இன்று விட்டால் உச்சி இல்லை."

"உச்சி இல்லாமல் போகட்டும்."

சிவமலருக்கு முகம் சிவந்தது. "எல்லாரும் பாக்கினம், அக்கா. எங்கட ஆக்களுக்குப் பயம் எண்டு நினைக்கப் போயினம்."

"நினைக்கட்டும். நீர் வாறீரோ, இல்லையோ?"

சிவமலர் சரிவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பிறகு டொலறஸின் பின்னால் இறங்கினார்.

மற்ற ஐவரும் ஏறினார்கள். சரிவு அசையவில்லை. உச்சியில் நின்று படமெடுத்துக்கொண்டு மாலையில் பத்திரமாக விடுதிக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கிரஹாம் டொலறஸின் குழியைச் சொல்லிச் சிரித்தார்.

டொலறஸ் கரண்டியை வைத்தார். "நீங்கள் பிழைத்து வந்ததில் எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தப் பனி காலையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இப்போதும் இருக்கிறது. நாளைக்கு ஏறச் சொன்னாலும் இதே பதில்தான்."

பிறகு கரண்டியை எடுத்துச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மார்ச்சில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக எழுதித் தந்தால்தான் இனிப் பயணத்தில் இடம். டொலறஸ் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் சிவமலரும் அவரும் தனியாகப் போனார்கள். 1997இல் டொலறஸ் குளிர்கால மலைவழிகாட்டிக்கான தேர்வுக்குப் போய்த் தோற்றார். மறுவருடம் திரும்பப் போய்த் தேறினார்.

பிறகு லண்டனின் லூயிஷாமிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் தமிழ்ப்பெண்கள் அவரோடு போகத் தொடங்கினார்கள். 1999இல் போன அணியை மூன்று நாள் தொடர்ந்து பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்தார். காற்று விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தும் ஒரு உச்சிகூட இல்லையே," என்று ஒருத்தி குறைப்பட்டாள்.

"ஓம், இல்லை," என்றார் டொலறஸ். "நாலாம் நாளும் காத்தடிச்சா நாலாம் நாளும் இல்லை."

நாலாம் நாளும் காற்றடித்தது.