ஐந்து வீட்டுக் கறிக்குழம்பு

அக்கா காலமாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் கையால் ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பீர்கள். அதனால் அவரைப் புகழ்வதை உங்களிடம் விட்டுவிட்டு, நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். செய்தித்தாளில் வேலை பார்த்துப் பழகியவனுக்கு அதுதான் வரும்.

அக்கா பிறந்தது விருத்தாசலம் பக்கத்து மங்களூரை அடுத்த ஒரு மானாவாரிக் கிராமத்தில். பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். அவர் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் திருமணமாகி விருத்தாசலம் வந்தார். மாமா பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். அக்காவும் அங்கேயே சேர்ந்து, பியூஸ் கட்டைகளின் பிசிறைத் தேய்த்துக் கீறல் பார்க்கும் வேலையை இருபது ஆண்டுகள் செய்தார். உட்கார்ந்தே செய்யும் வேலை. இடுப்புவலி அதில் வந்தது, கடைசிவரை போகவில்லை. மழைக்காலத்தில் கட்டைகள் காயாமல் கிடக்கும்போது வேலை இருக்காது, கூலியும் இருக்காது. அப்படிப்பட்ட வாரங்களில்கூட அக்கா வீட்டில் யாரும் முகம் தொங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு விருத்தாசலம் நிருபர் வேலை கிடைத்தபோது அக்கா வீட்டிலேயே தங்கினேன். அக்கா, மாமா, மகள், மகன், நான் என்று ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்பது அந்த வீட்டின் சட்டம். முதலில் ஒரு கிலோ வாங்கினார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அது முக்கால் ஆனது, பிறகு அரை, பிறகு கால். தீபாவளிக்கு ஏறிய விலை பொங்கலுக்கு இறங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஏறியதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். இறங்கியதை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

கறி குறையக் குறைய அக்காவின் குழம்பில் மற்றவை கூடின. ஒரு வாரம் முருங்கைக்காய், ஒரு வாரம் உருளைக்கிழங்கு, ஒரு வாரம் வாழைக்காய். மீல்மேக்கர் ஊருக்குள் வந்ததும் அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறியோடு சேர்த்து வதக்கி, எது எது என்று தெரியாமல் செய்யக் கற்றுக்கொண்டார்.

“கொழம்புல கறி எங்க?” என்பார் மாமா.

“வாசன வருதுல்ல? உள்ளதான் இருக்குது. தேடித் தின்னுங்க.”

“யம்மா, எனக்கு கெழங்கு மூணு, கறி ஒண்ணு,” என்பான் மகன்.

“மூணு பெருசா, ஒண்ணு பெருசா? சந்தோசப்படுடா.”

இந்தக் கைப்பக்குவங்களை அக்கா தெருவுக்கே சொல்லிக்கொடுத்தார். அந்தத் தாராளம் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

கடைவிலை கட்டுப்படியாகாத ஓர் ஆண்டில் அக்கா கூறு முறையைத் தொடங்கினார். ஐந்து வீடுகள் சேர்ந்து, கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வளர்ப்பவர்களிடமே ஓர் ஆட்டை வாங்குவது. கறிக்கடை பாய் தோலையும் கூலியையும் எடுத்துக்கொண்டு வெட்டித் தருவார். ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் சமமாக விழும்படி கறியை ஐந்து கூறாக இலையில் வைப்பார். பிறகு ஒருவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பாய் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்பார். நிற்பவர் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். கறி பெரிது சிறிது என்று யாரும் பேச முடியாது.

பெயர் சொல்லும் வேலை எனக்கு வந்தது. “பேப்பர்காரன், நடுநிலையா சொல்லுவான்,” என்றார் எதிர் வீட்டு சரோஜா. “பாத்துச் சொன்னாத்தான் இவன் தப்பா சொல்லுவான். பாக்காம சொல்லட்டும்,” என்றார் அக்கா.

கூறு நன்றாகவே நடந்தது. மகளுக்கு வரன் வந்தது ஓர் ஐப்பசியில். மாப்பிள்ளை பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். பேச்சு ஏறக்குறைய முடிந்து, பெண் வீட்டில் கை நனைப்பது மட்டும் மீதி இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாதவர்கள் பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளையின் தாயார் எதையும் கூர்ந்து பார்ப்பவர் என்றும், இதற்குமுன் இரண்டு வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர் என்றும் தரகர் சொல்லியிருந்தார். மகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. அக்காவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பன்னிரண்டு பேருக்குக் கறிச்சோறு போட வேண்டும். தெருவின் பெண்கள் கூடிப் பேசி, அந்த ஞாயிறு ஆடு முழுவதையும் அக்காவுக்கே விட்டுக்கொடுப்பதாக முடிவு செய்தார்கள். அடுத்த வாரங்களில் அக்கா தன் கூறை முறைவைத்து மற்றவர்களுக்குத் தருவார். இதைப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லவில்லை. என்னிடம் அக்கா இரண்டு முறை சொன்னார்.

ஞாயிறு காலை பெரிய அண்டாவுடன் போனேன். என் மனம் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிய செய்தியில் இருந்தது. நான்கு வீட்டு ஆண்களும் வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். பாய் வழக்கம்போல ஐந்து கூறு வைத்திருந்தார். “திரும்புங்க தம்பி,” என்றார். திரும்பினேன். “இது யாருக்கு?” என்றார். சொன்னேன். ஐந்து பெயரையும் பிசகாமல் சொல்லி முடித்து, என் கூறை அண்டாவில் போட்டுக்கொண்டு, செய்தி கொடுக்க எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அங்கே ஒரு மணி நேரம் ஆனது. வீட்டுக்குள் நுழைந்தபோது பத்து மணி. பெண்ணாடம் பஸ் பதினொன்றுக்கு.

அக்கா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். “மீதி எங்கடா?”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சொன்னேன்.

“ஊருக்கெல்லாம் சேதி சொல்ற. வூட்டு சேதி ஒண்ணே ஒண்ணு, அத மறந்துட்டியேடா,” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. மாமா சைக்கிளில் கடைக்கு ஓடினார். முகூர்த்த நாள் என்பதால் கடை துடைத்துக் கிடந்தது. நான் நான்கு வீட்டுக்கும் ஓடினேன். நான்கிலும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏன் அடுப்புல வெச்சீங்க?” என்று சரோஜாவிடம் கேட்டேன்.

“உங்க அக்கா ரோசக்காரி. அடுத்தவங்க பங்கு வேணாம்னு கடையில வாங்கிட்டா, எங்க கறிய அனுப்பி வெச்சிட்டான்னு நெனச்சேன்,” என்றார். மற்ற மூன்று பேர் நினைத்ததும் அதேதான்.

அக்கா ஒரு நிமிடம் நின்று யோசித்தார். பிறகு, “சட்டியோட எடுத்தாரச் சொல்லு,” என்றார்.

வந்தன. ஒன்றில் முருங்கைக்காய், ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் வாழைக்காய், ஒன்றில் மீல்மேக்கர். அக்கா சொல்லிக்கொடுத்ததை யாரும் மறந்திருக்கவில்லை. வெறும் கறி என்று இருந்தது அக்கா அவசரமாகத் தாளித்த ஐந்தாவது சட்டி மட்டும்.

விருந்தாளிகள் வந்தார்கள். பேசினார்கள். இலை போட்டோம். மாப்பிள்ளையின் தாயார், அதாவது சம்பந்தியம்மா, உட்கார்ந்தார், ஆனால் கையை மடியிலேயே வைத்திருந்தார். அவர் கண் அடுப்பங்கரைப் பக்கம் இருந்தது.

“ஏன் அண்ணி, ஒரு வூட்டுக்கு அஞ்சு சட்டி கொழம்பா?” என்றார்.

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மாமா ஏதோ சொல்லி மழுப்ப வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கூறு, விலை, என் மறதி, எந்தச் சட்டியில் என்ன காய் என்பது வரை. “ஒளிச்சி வெச்சிப் போடத் தெரியல அண்ணி. கொறையா இருந்தா சொல்லுங்க,” என்றார்.

அந்த நேரம் பார்த்து, ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்த சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, நிமிர்ந்து, “எதுல என்ன இருந்தா என்னம்மா? இந்தக் கறி பஞ்சு மாதிரி வெந்திருக்குது. இன்னும் ரெண்டு துண்டு வைங்க,” என்றார்.

அக்கா அவர் இலையைப் பார்த்தார். “அண்ணே, அது மீல்மேக்கரு.”

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நான் வூட்ல அதப் போட்டா தட்ட தள்ளிட்டு எந்திரிச்சிப் போற மனுசன் அண்ணி! இங்க ரெண்டாம் தரம் கேட்டு வாங்கித் திங்கறாரு. அந்தச் சட்டிய இப்படிக் கொண்டாங்க, நானும் பாக்கறேன்,” என்று சோற்றில் கை வைத்தார். சாப்பிட்டு முடித்து, கொல்லைப் பக்கம் போய்க் கை கழுவினார். கதவுக்குப் பின்னால் மகள் அழுதாள். கிளம்பும்போது சம்பந்தியம்மா, கூறு எப்படிப் போடுவது என்று வாசலில் நின்று அரை மணி நேரம் கேட்டார். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் கூறு இன்றும் நடக்கிறது.

தை மாதம் திருமணம் நடந்தது. அக்காவுக்குப் பேரன் பிறந்தான். பிறகு நெஞ்சுவலி வந்தது. கறியைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், “வெலவாசியே கொறைச்சி வெச்சிருக்குது டாக்டர், இன்னும் எங்க கொறைக்கிறது?” என்று கேட்டார். நர்சுகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது வலியை அவர் உடம்பு தாங்கவில்லை. ஒரு விடியற்காலையில், மாமா அருகில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த நான்கு வீட்டுப் பெண்களுக்கும், மாமாவின் முறையைத் தாங்கள் ஏற்றுச் சூளை பார்த்த தோழர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு இறுதிவரை உடன் வந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காவை எடுத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சம்பந்தியம்மா பெண்ணாடத்திலேயே சமைத்து, அண்டாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமா சாப்பிடமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “கைய நீட்டுங்க அண்ணே. நீங்க சாப்புடாத வரைக்கும் நானும் சாப்புடல,” என்று அவர் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். மாமா கையை நீட்டினார்.